மூணு பேரும் என் பேரைச் சொன்னாங்க

நீங்க பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரி பக்கம் யாரையும் தெரிஞ்சவங்க இல்லையே, எக்கா? இல்ல, சும்மாதான் கேட்டேன். பஸ்ஸுல நாம ஒண்ணு பேச, மறுநாள் அது எங்க டியூட்டி ரூம்ல போய் நிக்கும். அப்படி ஆயிருக்கு. ஆயிருக்குன்னா, ஆயிருக்குமோன்னு எனக்கு ஒரு நினைப்பு. உடன்குடியா உங்களுக்கு? சொந்தத்துல யாரும் நர்ஸா இல்லையே? சரி.

நான் நாசரேத்துல இறங்கணும். என்கூட வேலை பாத்தவ ஒருத்தி, ஜெபசீலின்னு பேரு, இன்னைக்கு மஸ்கட் போறா. அங்க ஒரு ஆஸ்பத்திரில நர்ஸ் வேலை. சாயங்காலம் காரு வச்சு திருவனந்தபுரம் போய் பிளேன் ஏறுதா. மத்தியானம் வீட்டுல ஜெபம், சாப்பாடு. வான்னு கூப்பிட்டா. ஒரு தடவை கூப்பிட்டா பரவாயில்ல, திரும்பத் திரும்பக் கூப்பிடுதா. நேத்து போன் போட்டு, "ஆவுடை, நீ வராம நாங்க ஜெபத்தைத் தொடங்க மாட்டோம் பாத்துக்கோ"ங்கா. என்னத்துக்கு? நான் கோயிலுக்குப் போற ஆளு. எனக்காக ஒரு பாஸ்டரு என்னத்துக்குக் காத்துக் கெடக்கணும்? அதைத்தான் யோசிச்சுக்கிட்டே வாரேன். என்ன யோசனைன்னு நீங்களும் கேட்டுட்டீங்க.

முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். என் மேல தப்பு இருக்கா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேட்டுக்கிட்டாப் போதும்.

நாங்க வேலை பாக்கது தனியார் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிஞ்சு வாரவங்களை வச்சுப் பாக்குத வார்டு எங்களுது. அதுக்கு இன்சார்ஜா இருந்த சிஸ்டர் வேலையை விட்டுட்டு கேரளாவுல மக வீட்டோட போயிட்டாங்க. இன்சார்ஜ்னா வார்டுக்குப் பொறுப்பு. யாருக்கு எந்த டியூட்டி, எந்தப் பேஷண்டை யாரு பாக்கணும், மருந்து இருக்கா தீந்துட்டா, எல்லாம் அவங்க கையில. சம்பளமும் கொஞ்சம் கூடும். அதை விடுங்க, எனக்கு அது பெருசு இல்ல. இன்சார்ஜுக்கு நைட் டியூட்டி கிடையாது. அதுதான் எக்கா எனக்கு.

எங்க வீட்டுல அவிய லாரி ஓட்டுதாவ. நாக்பூர், இந்தூர்னு போனா எப்ப திரும்புவாவன்னு அவியளுக்கே தெரியாது. மக பிளஸ் டூ படிக்கா. நான் நைட் போனா பிள்ளை தனியாக் கதவைப் பூட்டிக்கிட்டுப் படுக்கணும். யார் பெத்த பிள்ளைக்கோ காய்ச்சல் அடிக்கான்னு நான் தொட்டுப் பாத்துக்கிட்டு நிப்பேன், என் பிள்ளை தூங்கிட்டாளான்னு எனக்குத் தெரியாது. இதுல பக்கத்து போர்ஷனுக்குப் புதுசா ஒருத்தன் குடி வந்திருக்கான். எப்பப் பாத்தாலும் வாசல்ல நிண்ணு போன் பேசுதான். கேட்டா வீட்டுக்குள்ள சிக்னல் இல்லையாம். எங்க வீட்டுக்குள்ள இருக்கே, அவன் வீட்டுக்கு மட்டும் எப்படி இல்லாமப் போகும்?

முன்னால எல்லாம் இன்சார்ஜ் போடணும்னா, எங்களுக்கெல்லாம் மேல இருக்க பிலோமினா மேடம் கூப்பிட்டு, "நாளையில இருந்து நீ பாரு"ம்பாங்க. முடிஞ்சுது. இப்ப ஆஸ்பத்திரியை வேற ஒரு கம்பெனி வாங்கியிருக்கு. அதனால நோட்டீஸ் ஒட்டினாங்க. ஆசை உள்ளவங்க கம்ப்யூட்டர்ல விண்ணப்பம் போடணும், கோயம்புத்தூர்ல இருந்து எச்.ஆர். வந்து இன்டர்வியூ வைப்பாரு. வார்டுல வேலை பாத்துக்கிட்டு இருக்கவளை எதுக்கு இன்டர்வியூ பண்ணணும்? யாரையோ போட முடிவு பண்ணிட்டுத்தான் இந்த நாடகம்னு எனக்கு அப்பவே தோணிட்டு.

நோட்டீஸ் ஒட்டின அன்னைக்கே ஜெபசீலி டீ வாங்கிட்டு வந்தா. நானும் அவளும் ஒண்ணா நர்ஸிங் படிச்சவங்க, ஹாஸ்டல்ல ஒரே ரூமு. டீயைக் கையில குடுத்துட்டு, "ஏட்டி, நீ போடு. இது உனக்குத்தான் வரணும். பிள்ளை தனியாக் கெடக்காள்லா"ங்கா.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. அவளும் என்னை மாதிரி நைட் பாக்கவதானே? அவளுக்கு ஆசை இருக்காதா? ஆசை இருக்கவ எதுக்கு இன்னொருத்தியைப் போடச் சொல்லணும்? நான் போடுதேனா இல்லையான்னு ஆழம் பாக்கா. எனக்கா தெரியாது? "எனக்கு எதுக்குட்டி அந்தத் தலைவலி, நான் போடல"ன்னேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அப்புறமா, "அப்ப நான் போட்டுப் பாக்கவா?"ன்னு கேட்டா. பாத்தியளா, வந்துட்டுல்லா வெளிய! "போடேன், யாரு வேண்டாம்னா"ன்னேன்.

வீட்டுக்குப் போய் மக போன்ல விண்ணப்பத்தைப் போட்டேன். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல போட்டா யாரு பாப்பாங்கன்னு தெரியாதுல்லா. "எம்மா, ஜெபசீலி அத்தைக்கு இங்கிலீஷ் நல்லா வருமே, அவங்ககிட்டக் கேட்டுப் போட்டா என்ன?"ன்னு கேக்கா எம் மக. "நீ வாயை மூடிக்கிட்டு டைப் பண்ணு"ன்னேன்.

ரெண்டு நாள்ல போட்டவங்க பேரு வெளிய வந்துட்டு. நான், ஜெபசீலி, கோமதிநாயகம்னு ஒரு ஆம்பளை நர்ஸ், அப்புறம் அனிஸ். அனிஸ் சின்னப் பிள்ளை, மேலப்பாளையத்துக்காரி. நாங்க எல்லாம் டிப்ளமா, அவ மட்டும் பி.எஸ்.சி. என் பேரைப் பாத்துட்டு ஜெபசீலி வந்தா. "சொல்லியிருக்கலாம்லாட்டி, நான் போட்டிருக்கவே மாட்டேனே"ன்னு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சா எக்கா. கோவப்பட்டிருந்தா நான் நம்பியிருப்பேன்.

அடுத்தது கோமதிநாயகம். அவன் கூட்டாளி ஒருத்தன் மதுரையில இதே கம்பெனி ஆஸ்பத்திரில இருக்கான். அங்க என்னென்ன கேட்டாங்கன்னு விசாரிச்சு எழுதிட்டு வந்து, "சிஸ்டர், இதைப் படிச்சுக்கிடுங்க. பேஷண்ட் கட்டில்ல இருந்து விழுந்தா என்ன செய்வீங்கன்னு கண்டிப்பாக் கேப்பாங்களாம். பதிலும் எழுதியிருக்கேன்"னு நீட்டுதான். அவனும் போட்டிருக்கான், நானும் போட்டிருக்கேன். தனக்குத் தெரிஞ்சதை எவனாவது எதிராளிகிட்டத் தூக்கிக் குடுப்பானா? தப்புத் தப்பா எழுதிக் குடுத்திருப்பான்னு நினைச்சேன். அனிஸைத் தனியாக் கூப்பிட்டு, பேப்பரைக் காட்டாம, அதே கேள்வியைக் கேட்டுப் பாத்தேன். அவன் எழுதினதையேதான் அவளும் சொன்னா, வார்த்தை மாறாம. அப்பத்தான் விளங்குச்சு, ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்கன்னு. பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

அந்த அனிஸ் இருக்காளே, அவ ஒருபடி மேல. இன்டர்வியூவுக்கு முந்தின நாள் எனக்கு நைட் டியூட்டி. "அக்கா, நைட் முடிச்சு அப்படியே வந்து உக்காந்தா உங்களுக்கு முடியாது. உங்க நைட்டை நான் பாக்கேன், நீங்க தூங்கிட்டு வாங்க"ன்னா. அவளுக்கும் அதே நாள்தான் இன்டர்வியூ. தன் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு எனக்கு உதவி பண்ண நான் அவளுக்கு என்ன ஒட்டா உறவா? யோசிச்சேன். எச்.ஆர். காலையிலேயே வந்து வார்டைச் சுத்திப் பாப்பாருன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. அந்த நேரம் இவ வார்டுல நிண்ணா யாரு பேரு நல்ல பேரு? "ஒண்ணும் வேண்டாம்மா, என் டியூட்டியை நான் பாத்துக்கிடுவேன்"னுட்டேன். எச்.ஆர். வார்டுப் பக்கமே வரலை. அது வேற விஷயம்.

நான் ஒண்ணும் சும்மா சந்தேகப்படுத ஆளு இல்ல, எக்கா. கண்ணால பாத்தாத்தான் சொல்லுவேன். ஜெபசீலியோட போன் விஷயம் அப்படித்தான். சாயங்கால டியூட்டியில, விளக்கு வைக்கிற நேரம் ஆனாப் போதும், போனை எடுத்துக்கிட்டு மாடிப்படிக்குப் போயிருவா. கதவைச் சாத்திக்கிடுவா. ஏதாவது அவசரம்னா நான்தான் அவ பேஷண்டையும் சேத்துப் பாக்கணும். வரும்போது சில நாள் கண்ணு கலங்கி இருக்கும், சில நாள் சிரிச்சுக்கிட்டே வருவா. "யாருட்டி?"ன்னு கேட்டா, "வீட்டுல"ம்பா. வீட்டுக்குப் பேசுத பேச்சுக்கு எதுக்குக் கதவைச் சாத்தணும்? ஒரு நாள் ஸ்டோர் ரூமுக்குப் போகும்போது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல. ஸ்டோர் ரூம் அங்கனதான் இருக்கு. "இன்னும் கொஞ்ச நேரம்தான், வச்சிராதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் போயிட்டா முடிஞ்சுது"ங்கா.

அனிஸோட அக்கா மஸ்கட்ல நர்ஸா இருக்கா. அங்க சம்பளம் எவ்வளவு, சாப்பாடு எப்படின்னு ஜெபசீலி அவகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்ததையும் நான் பாத்திருக்கேன். ரெண்டையும் சேத்துப் பாருங்க, என்ன வருது? ஏஜென்சிக்காரன்கிட்டப் பேசுதா, வெளிநாடு போகப் பாக்கா. அப்படித்தானே வரும்?

சரி, இன்டர்வியூ. நைட் முடிச்சு முகத்தைக் கழுவிட்டு அப்படியே போனேன். உள்ள பிலோமினா மேடமும் அந்த எச்.ஆரும். தாடி வச்ச பையன், என் கடைசித் தம்பி வயசு இருக்கும். "உக்காருங்க மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?"ன்னு கேட்டாரு. வேண்டாம்னேன்.

"உங்ககிட்ட இருக்கிற குறைன்னா எதைச் சொல்லுவீங்க?"

"குறை ஒண்ணும் இல்ல சார்."

"எல்லார்கிட்டயும் ஏதாவது இருக்கும்ல?"

"யாராவது ஏதாவது சொன்னாங்களா சார்?"

அவரு மேடத்தைப் பாத்தாரு. மேடம் மேசையைப் பாத்தாங்க. "சரி, ஒரு பேஷண்ட் கட்டில்ல இருந்து விழுந்துட்டாரு. முதல்ல என்ன செய்வீங்க?"ன்னாரு.

"எங்க வார்டுல யாரும் விழலையே சார். நான் இருக்கும்போது ஒருத்தரும் விழுந்தது கிடையாது. யாரு சொன்னது உங்ககிட்ட?"

"இல்லம்மா, விழுந்தா."

"எப்படி சார் விழுவாங்க? ரெண்டு பக்கமும் கம்பியைத் தூக்கி விட்டிருப்பேன். ஒண்ணுக்கு ரெண்டு தடவை ஆட்டிப் பாத்துட்டுத்தான் நகருவேன்."

கோமதிநாயகம் எழுதிக் குடுத்த கேள்வி அப்படியே வந்துட்டு பாத்துக்கிடுங்க. அப்ப அவனுக்குக் கேள்வி முன்கூட்டியே கிடைச்சிருக்கு! அதை நான் யாருகிட்டயும் சொல்லலை. தேவைப்பட்டாச் சொல்லலாம்னு வச்சிருக்கேன்.

கடைசியா அந்தப் பையன் பேனாவைக் கீழ வச்சுட்டு, சாஞ்சு உக்காந்து கேட்டாரு: "இந்த வேலை உங்களுக்குக் கிடைக்கலைன்னு வைங்க. மத்த மூணு பேர்ல யாருக்குக் குடுக்கலாம்னு சொல்லுவீங்க?"

பொறி வைக்கான். நான் யாரு பேரைச் சொல்லுதேனோ அவங்களுக்குப் போட்டுட்டு, "ஆவுடையம்மாளே சொல்லிட்டாங்க"ன்னு முடிச்சிருவாங்க. நான் எனக்கு நானே குழி வெட்டணுமா?

"யாருக்கும் குடுக்க முடியாது சார். யாரும் சரிவர மாட்டாங்க."

"யாருமேவா?" பையனுக்குச் சிரிப்பு. "ஜெபசீலி உங்க கூடப் படிச்சவங்கதானே? அவங்களை நல்லாத் தெரியும்ல?"

எனக்கு அப்ப கண்ணு எரியுது, தலை சுத்துது. மக மூஞ்சி வந்து முன்னால நிக்கு. சொல்லிட்டேன். உள்ளதைத்தானே சொன்னேன்? "அவ வெளிநாடு போறதுக்கு ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்கா சார். டியூட்டி நேரத்துல போன்ல பேசிக்கிட்டு மாடிப்படிக்குப் போயிருவா. போற ஆளுக்கு என்னத்துக்குப் பொறுப்பு?"

மேடம் நிமிந்து பாத்தாங்க. "உனக்கு உறுதியாத் தெரியுமா, ஆவுடை?"ன்னாங்க.

"பாத்ததைத்தான் சொல்லுதேன் மேடம்"னேன்.

வெளிய வந்தா ஜெபசீலி பெஞ்சுல உக்காந்திருக்கா, அடுத்து அவ முறை. என் கையைப் புடிச்சு, "ஐயே, கை என்னட்டி இப்படிச் சில்லுன்னு இருக்கு? போய் ஒரு காப்பி குடி"ன்னா. நான் கையை உருவிக்கிட்டு, பஸ் புடிச்சு வீட்டுக்குப் போயிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு சொன்னாங்க. வேலை எனக்குத்தான்.

எனக்குச் சந்தோஷம் இல்லாம இல்ல. ஆனா எப்படி? நான் சொன்ன பதிலுக்கு எவன் குடுப்பான்? ஜெபசீலி கேக் வாங்கிட்டு ஓடி வந்தா. என் பேரை எல்லாம் எழுதி, பெரிய கேக்கு. எல்லாரும் கையைத் தட்டுதாங்க, கோமதிநாயகம் படம் எடுக்கான், அனிஸ் என் வாயில ஊட்ட வாரா. தோத்தவங்க மூணு பேரும் இப்படியா சிரிப்பாங்க? "முதல்ல நீங்க சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு, அவங்க வாயில போட்டப்புறம்தான் நான் தொட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் மேடம் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. "ஆவுடை, இன்டர்வியூவுல நீ ஒண்ணும் ஒழுங்கா சொல்லலை. உனக்கே தெரியும். அந்தத் தம்பி அனிஸுக்குக் குடுக்கலாம்னுதான் சொன்னாரு. யாருக்குக் குடுக்கலாம்னு உன்கிட்டக் கேட்ட கேள்வியை அவங்ககிட்டயும் கேட்டோம்லா? மூணு பேரும் உன் பேரைச் சொன்னாங்க. தனித்தனியா."

"என் பேரையா மேடம்?"ன்னேன்.

"கோமதிநாயகம் போன வருஷத்து விஷயத்தைச் சொன்னான். மெஷின்ல எல்லாம் சரியாக் காட்டுன பேஷண்டை, எனக்கு நம்பிக்கை இல்லைன்னு நீ கையைப் புடிச்சுப் பாத்து, டாக்டரை எழுப்பிக் கூட்டிட்டு வந்தியே. உள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சே. அந்த ஆளு இன்னைக்கு உசிரோட இருக்கான். ஜெபசீலி என்ன சொன்னா தெரியுமா? 'எனக்கு உடம்புக்கு ஏதாவது வந்தா, ஆவுடை டியூட்டியில இருக்க நாளாப் பாத்துத்தான் படுப்பேன்'னா."

மெஷினை எப்படி எக்கா நம்புதது? அது எவனோ செஞ்ச மெஷினு. இதுல என்ன இருக்கு, எல்லாரும் செய்யதுதானே. என் யோசனை எல்லாம், மூணு பேரும் தனித்தனியா எப்படி ஒரே பேரைச் சொல்லுவாங்கங்கதுதான். பேசி வச்சுக்கிடாம நடக்குமா? எதுக்குப் பேசி வச்சாங்க? நான் இன்சார்ஜா இருந்தா ஏமாத்திப்புடலாம்னா? அதுவும் இல்ல, வேலை சுத்தமா நடக்கு. யாரும் டியூட்டிக்கு லேட்டு கூட வரலை. அதுதான் எனக்குப் புரியல.

மேடம் இன்னொண்ணும் சொன்னாங்க. "நீ ஜெபசீலியைப் பத்திச் சொன்னதை நான் யாருகிட்டயும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். ஆனா அந்தத் தம்பி குறிச்சு வச்சுக்கிட்டாரு"ன்னாங்க. என்னைப் பாக்காம சொன்னாங்க.

எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. பிறகுதான் தெரிஞ்சுது. கீழ புதுசா டயாலிசிஸ் பிரிவு தொடங்கப் போறாங்க, கிட்னி போனவங்களுக்கு ரத்தம் சுத்தம் பண்ணுத இடம். அதுக்கு இன்சார்ஜா ஜெபசீலியைப் போடணும்னு மேடம் நினைச்சு வச்சிருந்தாங்களாம். அதுவும் பகல் டியூட்டிதான். அது நடக்கலை. வெளிய இருந்து ஒரு ஆளைக் கொண்டு வந்து போட்டாங்க. ஜெபசீலி மேடத்துக்கிட்டப் போய்க் கேட்டிருக்கா. "நீ வெளிநாடு போற ஆளுன்னு மேல நினைக்காங்கம்மா"ன்னு சொல்லியிருக்காங்க. "நானா? நான் பாஸ்போர்ட்டே எடுக்கலையே மேடம்"னாளாம்.

பாஸ்போர்ட் எடுக்கலைன்னு அவ சொல்லுதா. யாரு பாத்தா?

அதுக்கப்புறம் எடுத்தா. எடுத்து, அனிஸோட அக்கா மூலமாவே எழுதிப் போட்டு, பரீட்சை எழுதி, இந்தா இன்னைக்குப் போறா. இப்ப என்ன சொல்லுதீங்க? போறான்னுதானே நான் சொன்னேன்? போறாளா இல்லையா? நான் சொன்னது பொய்யா? எங்க வீட்டுல அவியகிட்ட இதைச் சொன்னேன். அவிய சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "நீ சொன்னதாலதான்ட்டி போறா"ன்னாவ. லாரி ஓட்டுத ஆளுக்கு ஆஸ்பத்திரி விஷயம் என்ன தெரியும்?

போன வாரம் அவளுக்குக் கடைசி நாள். உடுப்பு மாத்துத ரூம்ல நானும் அவளும் மட்டும். லாக்கரைக் காலி பண்ணிக்கிட்டே, "ஆவுடை, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்"னா. நான் சொன்னது தெரிஞ்சுட்டு, அதைத்தான் கேக்கப் போறான்னு நினைச்சேன்.

"எங்க வீட்டுக்காரரு குடிச்சுக்கிட்டு இருந்தாருட்டி. உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது"ன்னா.

அவ வீட்டுக்காரரு தங்கதுரை, நாசரேத்துல எரிஞ்சுபோன மோட்டாருக்குக் காயில் கட்டுதவரு. நான் பாத்திருக்கேன், அமைதியான மனுஷன். விளக்கு வைக்கிற நேரம் ஆனா கடைக்குப் போயிருவாராம். விடணும்னு அவரே வந்து அழுதிருக்காரு. அந்த நேரத்தைத் தாண்டிட்டா அப்புறம் மனசு அதைத் தேடாதாம். அதனால தினமும் அந்த நேரத்துல இவ போன் போட்டு, பேசிக்கிட்டே இருப்பாளாம். வச்சிராதீங்க, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு. கதை பேசுவாளாம், பாட்டுப் பாடுவாளாம், சண்டை போடுவாளாம். மாடிப்படியில நிண்ணு. ஒரு வருஷத்துக்கு மேல அவரு தொடலையாம்.

சொல்லியிருக்கலாம்லா எக்கா? என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? ஹாஸ்டல்ல ஒரே பாயில படுத்தவங்க நாங்க. மறைச்சா சந்தேகம் வரத்தானே செய்யும்? நான் என்ன செய்ய?

"மஸ்கட்ல சில நாள் அந்த நேரத்துல எனக்கு டியூட்டி விழும். போனைக் கையில வச்சுக்கிட விட மாட்டாங்களாம். அந்த நாள்ல எல்லாம் நீ ஒரு போன் போடுவியா?"ன்னா. "ஏன் நானு?"ன்னு கேட்டேன். சிரிச்சா. "உன்னைவிட்டா யாருட்டி? நீதான் விடாமக் கேப்ப. எங்க நிக்கீங்க, பக்கத்துல யாரு, அது என்ன சத்தம்னு. என்னைக்கூட அவரு ஏமாத்திருவாரு, உன்னை ஏமாத்த முடியாது"ன்னா.

பாக்கலாம்னேன். வேற என்னத்தைச் சொல்ல?

போகும்போது கதவுக்கிட்ட நிண்ணு திரும்பினா. "நான் வெளிநாடு போறேன்னு யாரோ மேல சொல்லியிருக்காங்க. யாரா இருந்தா என்ன, ஆவுடை. கடன் இருக்கு, பையன் படிப்பு இருக்கு, போய்த்தான் பாக்கேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

யாரா இருந்தா என்ன. இதைத்தான் எக்கா ஒரு வாரமாப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். யாருன்னு தெரியாம சொன்னாளா, தெரிஞ்சுக்கிட்டுச் சொன்னாளா? தெரியாதுன்னா, யாரா இருந்தா என்னன்னு எதுக்கு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்? தெரிஞ்சிருந்தா, புருஷனோட போன் நம்பரை எதுக்கு என்கிட்டக் குடுக்கணும்? இப்ப நான் பகல் டியூட்டிதான் பாக்கேன். மக பக்கத்துலதான் படுக்கேன். தூக்கம்தான் வரமாட்டேங்கு.

நாசரேத்து வந்துட்டா? கண்டக்டர் தம்பி, இறக்கம் இருக்கு!

அந்தா, அந்தக் கடை நிழல்ல நிக்காரு பாருங்க, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு. அவருதான் தங்கதுரை. பஸ்ஸைப் பாத்ததும் முன்னால வாராரு. இந்த பஸ்ஸுலதான் நான் வாரேன்னு இவருக்கு யாரு சொன்னா? நான்தான் சொன்னேன், காலையில, அவகிட்ட. பொண்டாட்டி ஊருக்குப் போற நாள், வீட்டுல ஆயிரம் வேலை கெடக்கும். அதை விட்டுட்டு எனக்காக எதுக்கு வந்து நிக்காரு? அவருக்குத் தெரியுமா எக்கா? தெரிஞ்சிருந்தா இப்படி வந்து நிப்பாரா? தெரியாதுன்னா, நான் எப்படி எக்கா அந்த மூஞ்சியப் பாக்கது?

நான் வாரேன். யாருகிட்டயும் சொல்லிராதீங்க, என்ன?

...வணக்கம் அண்ணாச்சி. ரொம்ப நேரமா நிக்கீங்களோ? இல்ல, வேண்டாம், பையை நானே தூக்கிக்கிடுதேன். கனம் ஒண்ணும் இல்ல. வேண்டாம் அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்...

சரி. புடிங்க.